சொத்தைப் பல்லுக்கு அரசு எதுவரை பொறுப்பு? மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்
செயலர்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: அரசு மருத்துவமனைகளில் எந்தெந்தப் பல் சிகிச்சைகள் முழுமையாகக் கட்டணமின்றிக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வரையறுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றிலும் பல் மருத்துவர் இருக்கிறார், நாற்காலி இருக்கிறது, ஓ.பி. சீட்டுக்குக் காசு கிடையாது. ஆனால் அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்கு எந்தெந்தச் சிகிச்சை உறுதியாகக் கிடைக்கும் என்று சொல்லும் பட்டியல் நோயாளியின் கண்ணில் படுவதில்லை. ஓர் ஊரில் ரூட் கெனால் (கெட்ட நரம்பை எடுத்து வேரைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை) செய்கிறார்கள். பக்கத்து ஊரில் பிடுங்குவதோடு சரி. அந்த மாதம் எக்ஸ்ரே கருவி ஓடியதா, வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற ஃபைலும் பல் அடைக்கும் சிமெண்டும் இருப்பில் இருந்தனவா, மருத்துவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்ததா என்பதைப் பொறுத்து நோயாளியின் பல் தங்குகிறது அல்லது போகிறது. பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத்தில் வேலை பார்க்கும் நாங்கள் கேட்பது இதுதான்: எதை அரசு தொடங்கி முடித்துத் தரும், எதைத் தராது என்று கோடு போடுங்கள். கோட்டுக்கு உள்ளே வருவது கடைசிப் படிவரை இலவசமாக இருக்கட்டும். வெளியே நிற்பதை நோயாளியிடம் முதல் நாளே சொல்லிவிடலாம்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். கடைவாய்ப் பல்லில் சொத்தை நரம்பைத் தொட்டுவிட்ட ஒருவர் காலை ஓ.பி.க்கு வருகிறார். இரவெல்லாம் தூங்கவில்லை. பெரும்பாலும் அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் ஒரு வலி மாத்திரையும் எழுதப்படுகின்றன. நரம்பு அழற்சியில் அந்த ஆன்டிபயாடிக் வேலை செய்வதில்லை. வீக்கமோ காய்ச்சலோ சீழ் பரவலோ இருந்தால்தான் அதற்கு இடம் உண்டு. வலி சற்றுக் குறைகிறது, நோயாளி போய்விடுகிறார், மூன்று வாரத்தில் திரும்பி வருகிறார். இம்முறை பல்லைத் திறந்து நரம்பை எடுத்துத் தற்காலிகச் சிமெண்ட் வைக்கிறார்கள். "மிச்சத்தை வெளியே பார்த்துக்கோங்க" என்ற வார்த்தையோடு சிகிச்சை நின்றுபோகிறது. தற்காலிகச் சிமெண்ட் சில வாரங்களில் கசியத் தொடங்கும், உமிழ்நீரும் கிருமியும் வேருக்குள் இறங்கும். வெளியே ரூட் கெனாலும் கேப்பும் (பல்லின்மேல் மாட்டும் உறை) சேர்த்து ஏழெட்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம்வரை கேட்கிறார்கள். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாட்கூலி 336 ரூபாய். பத்தாயிரம் என்பது முப்பது நாள் கூலி. அவர் திரும்பவும் அரசு மருத்துவமனைக்கே வந்து பல்லைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்.

பிடுங்கியதோடு கணக்கு முடிவதில்லை. ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்தான் மெல்லும் வேலையில் பெரும்பங்கைச் சுமக்கிறது. அது போனால் பின்னால் இருக்கும் பல் அந்த இடைவெளிக்குள் சாயும், எதிர்த் தாடைப் பல் கீழிறங்கும், இடுக்கில் உணவு தங்கி அடுத்த பல்லும் சொத்தையாகும். முப்பத்தைந்து வயதில் ஒரு பக்கம் மட்டும் மெல்லப் பழகியவர்கள் ஐம்பது வயதில் பல்செட் கேட்டு வருகிறார்கள். சிகிச்சையே எடுக்காமல் விட்டவர்களில் சிலருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் தாடைக்கடியில் பரவி, நாக்கை மேலே தள்ளி, மூச்சுக்குழாயை நெருக்கும். அப்போது அவசரச் சிகிச்சை, அறுவை அரங்கம், சில நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாவற்றுக்கும் அரசே செலவிடுகிறது.

காப்பீட்டுத் திட்டம் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2018 முதல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. ஆயுஷ்மான் பாரத்தின் விலக்குப் பட்டியலில் சொத்தை அடைத்தல், ரூட் கெனால், பல் தேய்மானம், ஈறு நோய், இம்பிளான்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்) ஆகியவை பெயர் சொல்லியே நீக்கப்பட்டிருக்கின்றன. விபத்துக் காயம், கட்டி, நீர்க்கட்டி ஆகியவற்றுக்காக மருத்துவமனையில் சேர்ந்து எலும்புக்குச் சிகிச்சை எடுப்பதற்கு மட்டும் விதிவிலக்கு. உள்நோயாளிக்கான காப்பீடு அப்படித்தான் அமையும் என்பது எங்களுக்குப் புரிகிறது. காப்பீட்டை விரித்து ரூட் கெனாலைத் தனியாரிடம் வாங்கித் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. சம்பளம் வாங்கும் மருத்துவரும் வாங்கிப் போட்ட நாற்காலியும் ஏற்கெனவே அரசிடம் இருக்கும்போது, விடுபட்ட பொருளையும் நேரத்தையும், உறையும் பல்செட்டும் செய்யும் லேபையும் சேர்த்தால் அதே வேலையை இங்கேயே முடிக்கலாம் என்கிறோம்.

கோட்டை எங்கே போடுவது? வலி, தொற்று, மெல்லும் திறன் குறைவு, புற்றுநோயும் விபத்தும் பிறவிக் குறைபாடும்: இந்த நான்கில் எதையாவது தீர்க்கும் சிகிச்சை உள்ளே வர வேண்டும். அதே பயனை இரண்டு வழிகளில் தர முடிந்தால், நீடித்து உழைக்கும் மலிவான வழிக்கு அரசு பொறுப்பேற்கட்டும். அதற்கு மேல் நிறமும் பளபளப்பும் வேண்டுகிறவர் தம் செலவில் தனியாரிடம் பார்த்துக்கொள்வது நியாயம்.

இந்த அளவுகோலில் முதலில் உள்ளே வர வேண்டியது ரூட் கெனாலும் அதன்மேல் போடும் உறையும் சேர்ந்த ஒரே தொகுப்பு. இரண்டையும் பிரித்ததுதான் பெரிய தவறு. நரம்பும் நடுப்பகுதியும் எடுக்கப்பட்ட கடைவாய்ப் பல்லில் சுவர்கள் மட்டும் மிஞ்சும். மெல்லும் அழுத்தம் அந்தச் சுவர்களை வெளிப்புறமாக விரிக்கும். உறை போடாத கடைவாய்ப் பற்களை இழக்கும் வாய்ப்பு, உறை போட்டவற்றைவிடப் பல மடங்கு. அதுவும் பல நேரம் வேர்வரை செங்குத்தாகப் பிளந்துவிடும், பிறகு பிடுங்குவதைத் தவிர வழியில்லை. அரசு மருத்துவர் மூன்று அமர்வு உழைத்துச் செய்த ரூட் கெனால், உறை இல்லாத ஒரே காரணத்தால் இரண்டு மூன்று வருடத்தில் வீணாகிறது. முன்பற்களுக்கு நிலைமை வேறு. சுவர்கள் பெரிதாகச் சேதமாகாத முன்பல்லுக்கு பல் நிறத்தில் இருக்கும் நல்ல காம்போசிட் அடைப்பே போதும், எல்லாவற்றுக்கும் உறை வேண்டியதில்லை.

தொகுப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம், ஏனெனில் ஒரு பொருள் குறைந்தாலும் சிகிச்சை பாதியில் நிற்கும். மரத்துப்போகச் செய்ய, அட்ரினலின் சேர்ந்த 2 சதவீத லிக்னோகெயின். ரப்பர் டேம் என்னும் மெல்லிய விரிப்பு, அதன் கிளாம்புகள். இது இல்லாவிட்டால் உமிழ்நீர் வேருக்குள் போகும், சிறு ஃபைல் தொண்டைக்குள் விழும் ஆபத்தும் உண்டு. 15ஆம் எண்ணிலிருந்து 40வரை 21, 25 மில்லிமீட்டர் நீளங்களில் ஃபைல்கள், குறுகிய வேர்களுக்கு 8, 10ஆம் எண்கள். வேரின் உட்புறத்தைக் கழுவ 3 சதவீத சோடியம் ஹைபோகுளோரைட், பக்கவாட்டில் துளையுள்ள ஊசி, 17 சதவீத ஈ.டி.டி.ஏ.; அமர்வுகளுக்கு இடையே உள்ளே வைக்கக் கால்சியம் ஹைட்ராக்சைடு; கடைசியில் அடைக்கக் கட்டாபெர்ச்சா, சீலர். இவற்றோடு பல்லுக்கு மூன்று எக்ஸ்ரேயாவது: தொடக்கத்தில் ஒன்று, நீளம் அளக்க ஒன்று, முடித்த பின் ஒன்று.

தவறுகள் எங்கே நேர்கின்றன என்பதும் தெரிந்ததே. கீழ் முதல் கடைவாய்ப் பல்லில் வழக்கமாக நரம்பு ஓடும் மூன்று கால்வாய்கள், சிலருக்கு நான்கு. மேல் முதல் கடைவாய்ப் பல்லில் நான்காவது கால்வாய் அடிக்கடி ஒளிந்திருக்கும். எக்ஸ்ரே இல்லாமல் கைக்கணக்கில் செய்தால் நுனிவரை போகாமல் பாதியில் அடைபடும், அல்லது ஒரு கால்வாயே தப்பிவிடும். ஃபைல் வாங்கப் பணம் இல்லையென்று பத்துப் பேருக்கு ஒரே ஃபைலைப் பயன்படுத்தினால் வளைந்த வேரில் அது முறிந்து உள்ளேயே தங்கும். ஹைபோகுளோரைட் பாட்டிலை வெயில் படும் ஜன்னல் மேட்டில் வைத்தால் குளோரின் வலு போய்விடும், கழுவுவது தண்ணீரில் கழுவுவதற்குச் சமமாகும். நேரான ஊசியை நுனிவரை செருகி அழுத்தினால் மருந்து வேரைத் தாண்டிப் போய்க் கன்னம் நிமிடங்களில் வீங்கும். இவை பெரும்பாலும் திறமைக் குறைவால் வருவன அல்ல. கொள்முதல் பட்டியலில் விடுபட்ட சிறு பொருட்களால் வருகின்றன.

செலவைச் சொல்லவேண்டும். ஒரு பல்லுக்கான மேற்படிப் பொருட்கள் சில நூறு ரூபாயில் முடியும். நிக்கல் குரோமில் வார்த்த முழு உலோக உறைக்கு லேப் கூலியும் சில நூறுதான். நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்குக் கோபால்ட் குரோம் வேண்டும், சற்றுக் கூடும். கடைவாய்ப் பல்லுக்கு உலோக உறையே தரமான தேர்வு: பல்லைக் குறைவாகத் தேய்த்தால் போதும், பீங்கான் போலச் சில்லு தெறிக்காது, பத்து வருடத்துக்கும் மேல் உழைக்கும். வெள்ளி நிறத்தில் தெரியும் என்பதுதான் குறை. வெளியே தெரியும் பல்லுக்கு மட்டும் பீங்கான் பூசிய உலோக உறையை அரசு தரட்டும். உலோகமே இல்லாத வெண்மையான சிர்கோனியா உறை கேட்பவர் தனியாரிடம் போகலாம்.

உறையும் பல்செட்டும் லேபைச் சார்ந்தவை. அரசுப் பல் மருத்துவம் தடுக்கி விழும் இடமும் அதுவே. முழுப் பல்செட்டுக்கு ஐந்தாறு வருகை தேவை: முதல் அச்சு, அதில் செய்த தனித் தட்டில் ஓரங்களை வடித்து எடுக்கும் இரண்டாம் அச்சு, மெழுகு வரம்பில் தாடை உயரம் அளத்தல், மெழுகில் பல் அடுக்கிச் சரிபார்த்தல், அக்ரிலிக்கில் வெந்த செட்டைப் பொருத்துதல், பிறகு புண் படும் இடத்தைத் தேய்த்துத் திருத்துதல். தாடை உயரத்தைக் கூட்டி அளந்துவிட்டால் பேசும்போது பற்கள் கடகடவென்று மோதும், தாடை வலிக்கும். ஓரம் குறைந்தால் இருமினாலே கழன்று விழும். திருத்த வருகைகளைக் கணக்கில் சேர்க்காத திட்டங்களில் செய்து கொடுத்த செட் தலையணைக்கடியில் கிடக்கும். பல் பிடுங்கிய பின் எலும்பு வற்றி அடங்க இரண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். முகாமில் பிடுங்கிய மறுவாரமே அச்செடுத்தால் செட் சீக்கிரமே தளர்ந்துவிடும். எனவே ஒரு முறை அடிப்பகுதியைப் புதுப்பித்துத் தருவதும் இலவசத்தில் சேர வேண்டும்.

ஒவ்வொரு மருத்துவமனைக்கும் லேப் தேவையில்லை. மாவட்டத்துக்கு ஒன்று, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருந்தால் போதும். ஆனால் அச்சை அப்படியே பேருந்தில் அனுப்ப முடியாது. ஆல்ஜினேட் அச்சு காய்ந்து சுருங்கும், நம் வெயிலில் இன்னும் விரைவாக. எடுத்த பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் டென்டல் ஸ்டோன் என்னும் ஜிப்சம் குழம்பை ஊற்றி வார்ப்பாக்க வேண்டும், அந்த வார்ப்புதான் பயணம் செய்ய வேண்டும். இதற்கு ஒவ்வொரு மையத்திலும் ஸ்டோன் பொடி, சிறு வைப்ரேட்டர், அதைச் செய்யத் தெரிந்த உதவியாளர் ஒருவர் இருந்தால் போதும். இந்தச் சிறு ஏற்பாடு இல்லாமல் மைய லேப் திறந்தால் பொருந்தாத உறைகள்தான் திரும்பி வரும்.

குழந்தைகள் விஷயத்தில் தாமதத்துக்கே இடமில்லை. குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டம் 2013இல் தொடங்கியபோதே பரிசோதிக்க வேண்டிய நிலைகளில் பல் நோயும் சேர்க்கப்பட்டது. பள்ளிக்குப் போகும் குழு சொத்தையைப் பார்த்துச் சீட்டு எழுதுகிறது. சீட்டோடு குழந்தையை அழைத்துப் போகப் பெற்றோருக்கு ஒருநாள் கூலி போகும், போன இடத்தில் காலை நேரம் முடிந்திருக்கும். பல சொத்தைகளைப் பள்ளியிலேயே நிறுத்திவிடலாம். 38 சதவீத சில்வர் டயமைன் ஃப்ளூரைடு கரைசலின் ஒரு துளி நான்கைந்து பற்களுக்குப் போதும். பல்லைத் துடைத்து உலர்த்தி, உதட்டில் வாசலின் தடவி, சிறு பிரஷ்ஷால் ஒரு நிமிடம் பூசினால் முடிந்தது, ஊசி இல்லை, டிரில் இல்லை. வருடத்துக்கு இருமுறை பூசினால் பலன் கூடும். சொத்தை இருந்த இடம் கறுப்பாகும் என்பதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பல்லைக் கெடுத்துவிட்டார்கள் என்ற கோபம் ஊர் முழுக்கப் பரவும். தோலிலும் சட்டையிலும் பட்டால் கறை. நரம்பு திறந்த பல்லிலும், வெள்ளி ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும் பூசக் கூடாது. இந்த மருந்தையும் கிளாஸ் அயனோமர் சிமெண்டையும் ஃப்ளூரைடு பேஸ்டையும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

குழி விழுந்த பல்லை ஸ்பூன் எக்ஸ்கவேட்டர் என்னும் கைக்கருவியால் சுரண்டிக் கிளாஸ் அயனோமரால் அடைக்கலாம், மின்சாரமே வேண்டாம். சிமெண்டைக் குழைக்கும்போது பொடி சரிமட்டமாக ஒரு கரண்டிக்குத் திரவம் ஒரு துளி என்று தயாரிப்பாளர் சொன்ன அளவை மீறக் கூடாது. எளிதாக வழியட்டும் என்று திரவத்தைக் கூட்டினால் அடைப்பு சில மாதத்தில் கரைந்து தேயும். குழைத்தது பளபளப்பாக இருக்கும்போதே பல்லுக்குள் போக வேண்டும், மங்கிவிட்டால் ஒட்டாது. மே மாத வெப்பத்தில் அந்த நேரம் பாதியாகிறது, கண்ணாடிப் பலகையைக் குளிர்வித்து உலரத் துடைத்துக்கொள்வது நல்லது. அடைத்த பின் ஒரு மணி நேரம் எதையும் மெல்லக் கூடாது. பால் கடைவாய்ப் பல்லில் இரண்டு பக்கம் சொத்தை இருந்தால் இந்த அடைப்பு நிற்காது. அதற்கு ஆயத்த ஸ்டீல் உறை உண்டு. ஸ்காட்லாந்தின் பல் மருத்துவர் நோர்னா ஹால் பெயரால் வழங்கும் முறையில் பல்லைத் தேய்க்காமல், ஊசி போடாமல், சொத்தையைச் சிமெண்டோடு உறைக்குள் மூடிவிடுகிறார்கள். பல் விழும் வயதுவரை அது தாங்கும். பூச்சு, அடைப்பு, ஸ்டீல் உறை ஆகிய இவை மூன்றும் பதினெட்டு வயதுவரை எல்லாக் குழந்தைக்கும் வருமானக் கேள்வி இல்லாமல் கிடைக்க வேண்டும்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கிய பிறகு, ஆரம்பப் பள்ளிகளில் குழந்தைகள் ஒரே நேரத்தில் சாப்பிட்டுக் கை கழுவும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. அதன் பிறகு இரண்டு நிமிடம் பல் துலக்கச் செய்வதற்குப் பெரிய கட்டமைப்பு வேண்டாம். நம் நாட்டு விதிப்படி பேஸ்டில் ஃப்ளூரைடு 1000 பி.பி.எம். தாண்டக் கூடாது, அந்த அளவு இருந்தாலே போதும். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பட்டாணி அளவு, மூன்று வயதுக்குக் கீழே அரிசி அளவு. துப்பிவிட்டு வாயைத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் விட்டால் ஃப்ளூரைடு பல்லில் தங்கும். ஸ்காட்லாந்தில் பாலர் பள்ளிகளில் ஆசிரியர் கண்காணிப்பில் துலக்கும் திட்டம், குழந்தைகளின் சிகிச்சைச் செலவில் தன் செலவைவிட அதிகம் மிச்சப்படுத்தியிருக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். அங்கே நிலத்தடி நீரின் ஃப்ளூரைடால் முன்பற்களில் பழுப்புக் கறை வந்தவர்கள் ஏராளம். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆனால் எனாமல் உருவாகும் முதல் எட்டு வருடத்தில் குடித்த தண்ணீர் விட்டுச் சென்ற கறை வாழ்நாள் முழுக்க இருக்கும். இந்தக் கறைக்கான சிகிச்சையை அழகுச் சிகிச்சை என்று தள்ளுவது எங்களுக்கு ஏற்பில்லை. குழாயிலும் கிணற்றிலும் வந்த தண்ணீருக்கு அந்தக் குழந்தை பொறுப்பல்ல. வேலை நேர்காணலிலும் பெண் பார்க்க வரும்போதும் வாயை மூடிச் சிரிக்கும் இளைஞர்கள் அந்த மாவட்டங்களில் எவ்வளவு பேர் என்பது அங்கே பணியாற்றிய யாருக்கும் தெரியும். லேசான கறைக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பியூமிஸ் கல்பொடியும் கலந்த பசையால் பல்லின் மேற்பரப்பை நுண்ணிதாகத் தேய்த்தால் போதும், ரப்பர் டேம் கட்டாயம். ஆழமான கறைக்கும் குழிக்கும் காம்போசிட் பூச்சு. பதின்வயதில் பீங்கான் வெனீர் (பல்லின் முன்புறம் ஒட்டும் மெல்லிய ஓடு) கூடாது, நரம்பு பெரிதாக இருக்கும், தேய்ப்பு அதைத் தொடும். ஆகவே மலிவான சிகிச்சையே மருத்துவ ரீதியாகவும் சரியானது. இந்த மாவட்டங்களில் அதை இலவசப் பட்டியலில் சேருங்கள்.

பிற நோய்களின் சிகிச்சையோடு ஒட்டிய பல் வேலை இன்னொரு விடுபட்ட பகுதி. வாய்ப் புற்றுநோய்க்குக் காப்பீடு அறுவையும் கதிர்வீச்சும் தருகிறது. கதிர்வீச்சு தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே கெட்ட பற்களை எடுத்துப் புண் ஆறியிருக்க வேண்டும். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் செத்துப்போகும். மேல் தாடை எடுக்கப்பட்டவருக்கு ஆப்டுரேட்டர் என்னும் அடைப்புத் தட்டு இல்லாவிட்டால் குடிக்கும் கஞ்சி மூக்கு வழியே வரும், பேச்சு புரியாது. இவ்விரண்டையும் புற்றுநோய்த் தொகுப்பின் பகுதியாகவே எழுதுங்கள். இதய வால்வு மாற்றுவதற்கு முன்னும் சிறுநீரக மாற்றுக்கு முன்னும் வாயில் தொற்று நீக்கப்பட வேண்டும் என்பதும் அப்படியே. சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறுக்கடியில் படிந்த காரையை முறையாகச் சுரண்டி எடுத்தால் மூன்று நான்கு மாதத்தில், சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. ஏறக்குறைய 0.4 சதவீதப் புள்ளி குறைவது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொடுக்கப் போகும் தன்னார்வலர், ஈறில் ரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா, இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருக்கிறதா என்ற கேள்விகளையும் கேட்டுவிடலாம்.

எவை வெளியே நிற்கலாம் என்பதையும் தயக்கமில்லாமல் சொல்கிறோம். இம்பிளான்ட் (புற்றுநோயிலும் விபத்திலும் தாடை இழந்தவர்கள் தவிர), சிர்கோனியா, பல் வெண்மையாக்கல், தொந்தரவு தராத ஞானப் பல்லை எடுப்பது, லேசான கோணல் பல்லுக்குக் கிளிப். உதடு அண்ணப் பிளவு உள்ள குழந்தைக்கும், எலும்புக்குள் புதைந்த கோரைப்பல் பக்கத்து வேரை அரிக்கும் நிலையிலும் கிளிப் இலவசமாக வேண்டும். கடைசிக் கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் இல்லாதவருக்குப் பகுதிப் பல்செட் தேவையில்லை. முன்பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் மேலும் கீழும் சந்தித்தால் சாப்பிடப் போதும். இருபது பற்கள் வேலை செய்யும் வாய் என்பதை இலக்காக வைத்தால், பணம் எங்கே போக வேண்டும் என்பது தெளிவாகும்.

கட்டணம் பற்றி எங்கள் கருத்து உறுதியானது. கோட்டுக்கு உள்ளே இருப்பதற்கு நோயாளியிடம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது, "இதை வெளியே வாங்கி வாங்க" என்ற துண்டுச்சீட்டும் கூடாது. அரசு நாற்காலியில் பாதி இலவசம், மேலே பணம் கட்டினால் உயர்ந்த பொருள் என்ற ஏற்பாடும் வேண்டாம். அப்படி ஒரு கதவு திறந்தால் இலவசப் பொருள் எப்போதும் தீர்ந்துபோயிருக்கும். பணி நேரத்துக்கு வெளியே தனியாராகத் தொழில் செய்ய இங்கே அரசு மருத்துவர்களுக்கு அனுமதி உண்டு. அதனாலேயே அரசுப் பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத் தம் சொந்தக் கிளினிக்குக்கு நோயாளியை அனுப்புவதைத் தெளிவான விதியால் தடுக்க வேண்டும். செய்ய முடியாதபோது காரணத்தை எழுதி அடுத்த அரசு மையத்துக்கு அனுப்பும் சீட்டு இருந்தால், எந்தப் பொருள் எங்கே இல்லை என்பதும் துறைக்குத் தெரிந்துவிடும்.

பணம் தரும் முறை சிகிச்சையையே மாற்றிவிடும் என்பதற்கு இங்கிலாந்து சான்று. அங்கே 1948இல் இலவசமாகத் தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவை, மூன்றே வருடத்தில் பல்செட்டுக்குக் கட்டணம் விதித்தது. சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் 1951இல் அதை எதிர்த்து அமைச்சர் பதவியை விட்டு விலகினார். 2006இல் வந்த ஒப்பந்தத்தில் ஒரு பல் அடைத்தாலும் ஆறு பல் அடைத்தாலும் ரூட் கெனால் செய்தாலும் மருத்துவரின் ஊதியக் கணக்கில் ஒரே மூன்று அலகு. அதிக நோய் உள்ளவரை எடுத்துக்கொண்டால் நஷ்டம் என்ற நிலை உருவானது. 2022இல்தான் அதில் திருத்தம் வந்தது. இங்கே அலகு இல்லாவிட்டாலும் மாத அறிக்கை இருக்கிறது. பிடுங்கிய பல் ஒன்று, மூன்று மணி நேர ரூட் கெனாலும் ஒன்று என்று எண்ணினால் எது கூடும் என்று சொல்லத் தேவையில்லை. உறையோடு முடித்த பல்லைத் தனிக் கட்டத்தில், பிடுங்கியதைவிட அதிக மதிப்போடு எண்ணுங்கள்.

நேரமும் அப்படித்தான். நான்கு மணி நேர ஓ.பி.யில் நாற்பது பேர் வந்தால் ஒருவருக்கு ஆறு நிமிடம். ஆறு நிமிடத்தில் மாத்திரை எழுதலாம், வேறொன்றும் முடியாது. வாரத்தில் இரண்டு பிற்பகல்களை முன்பதிவு நோயாளிகளுக்கு மட்டும் ஒதுக்கினால், ஒரு நாற்காலியில் வாரம் ஐந்தாறு அமர்வுகள் கிடைக்கும். தேதி எழுதிய அட்டை நோயாளியின் கையில் இருக்க வேண்டும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு நாற்காலிக்கு பல்லைத் தேய்க்கும் ஏரோட்டர் கைப்பிடி ஒன்றே ஒன்று கொடுத்தால் இரண்டு நோயாளிக்கு நடுவே ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கலம்) வைக்க முடியாது. கழுவி, எண்ணெய் விட்டு, பையிலிட்டு, 134 டிகிரியில் வைத்து, உலர்த்தி எடுக்க ஏறக்குறைய ஒரு மணி நேரமாகும். குறைந்தது ஐந்து வேண்டும். எண்ணெய் விடாமல் வேகவைத்தால் பேரிங் போய்விடும். கம்பிரஸரின் அடியில் தேங்கும் தண்ணீரைத் தினமும் வடிக்காவிட்டால் துரு காற்றுக் குழாய்வரை வரும், நாற்காலி மாதக்கணக்கில் நிற்கும். அந்தப் பொறுப்பு யாருடையது என்பது பணிப் பட்டியலில் பெயரோடு இருக்கட்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் அமைந்ததிலிருந்து மருந்துக் கொள்முதலில் நாட்டுக்கே முன்மாதிரி. அதே கழகம் மேலே சொன்ன பல் பொருட்களைத் தொகுப்புகளாகக் கட்டி, காலாவதித் தேதியோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பலாம்.

கோட்டுக்கு வெளியே இருக்கும் சிகிச்சைகளில் அரசின் வேலை விலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவான பல் கிளினிக்குகள், விலைப்பட்டியலில் ரூட் கெனால், அதன்மேல் அடைப்பு, உறை, எக்ஸ்ரே ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும். உறையின் உலோகம் என்ன, லேப் எது, உத்தரவாத அட்டை உண்டா என்பது ரசீதில் வர வேண்டும். இப்போது மூவாயிரம் என்று கேட்டு வந்தவர் நாற்காலியில் படுத்த பிறகுதான் உறைக்குத் தனிப் பணம் என்று அறிகிறார்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய நிதி இல்லையென்றால் வரிசை இது: முதலில் குழந்தைகளுக்கான பூச்சும் அடைப்பும் ஸ்டீல் உறையும். அடுத்து முதல் கடைவாய்ப் பல்லுக்கும் முன்பற்களுக்கும் முழு ரூட் கெனால் தொகுப்பு. மூன்றாவது, புற்றுநோயாளிகளுக்கான பல் வேலை. நான்காவது, முழுப் பல்செட். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஃப்ளூரைடு கறைச் சிகிச்சை முதலாவதோடு சேர்ந்தே தொடங்கட்டும். ஒவ்வொரு கட்டமும் தொடங்கும் நாளில் அந்தப் பட்டியலை அரசாணையாக வெளியிட்டு, பல் பிரிவின் வாசலில் தமிழில் பெரிய எழுத்தில் மாட்டச் சொல்லுங்கள். சிகிச்சை மறுக்கப்பட்டால் அழைக்க வேண்டிய எண் 104 அதன் அடியில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத்தில் பணிபுரியும் மருத்துவர்களும் லேப் தொழில்நுட்பர்களும்